கழற்ற முடியாத மோதிரம்

தமிழில் மோதிரம், தெலுங்கில் உங்கரம், கன்னடத்தில் உங்குர. தேன்கனிக்கோட்டைக் கடைவீதியில் இம்மூன்று சொற்களையும் ஒரே நாளில் கேட்கலாம். கர்நாடக எல்லையை ஒட்டிய இவ்வூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வடக்கே ஓசூரிலுள்ள தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் பலர் வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய விரல்களில் ஏதேனும் ஒரு கல் பதித்த மோதிரம் இருக்கும். வேலை நிலைக்க ஒரு கல், கடன் தீர ஒரு கல், திருமணம் கூடிவர ஒரு கல். அதே வீடுகளில் பிள்ளைகள் மந்திர மோதிரக் கதைகளைப் படிக்கிறார்கள், திரைப்படங்களில் பார்க்கிறார்கள். பெரியவர் அணிவதும் பிள்ளை படிப்பதும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: இத்தனை சிறிய வளையத்துக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? அது எப்படி வேலை செய்கிறது?

‘மந்திரம் பொய்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது விமரிசனம் ஆகாது. கதையில் வரும் மோதிரம் பொய் என்பது அதைப் படிக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் சில கதைகளை நாம் நம்பிப் படிக்கிறோம். சில கதைகளைப் பாதியில் மூடிவைக்கிறோம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? நல்ல கதையில் மந்திரத்துக்கும் விதிகள் உண்டு. அந்த விதிகளைத் தேடிப் பார்ப்பது விஞ்ஞான மாணவனுக்கு நல்ல பயிற்சி.

எந்த மோதிரம் கையில் கிடைத்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம். ஒன்று, இது எதைச் செய்யும்? இரண்டு, எதைச் செய்யாது? மூன்று, இதற்கு விலை என்ன? நான்கு, இதைக் கழற்றினால் என்ன ஆகும்? இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நாம் அறிந்த கதைகளைச் சோதித்துப் பார்ப்போம்.

மந்திரம் இல்லாத இரண்டு மோதிரங்கள்

முதலில், மந்திரமே இல்லாமல் பெரிய காரியம் செய்த மோதிரங்களைக் காண்போம். அசோக வனத்தில் அனுமன் சீதையிடம் கொடுத்த கணையாழி அத்தகையது. கடலைத் தாண்டியது அனுமனின் ஆற்றல். மோதிரத்தின் ஆற்றல் அல்ல. அந்த மோதிரம் செய்த வேலை ஒன்றே ஒன்று. வந்தவன் இராமனிடமிருந்துதான் வந்தான் என்று அது சான்று கூறியது. இக்காலத்து மொழியில் சொன்னால், அது ஒரு செய்தியைச் சுமந்து சென்றது. சீதையும் பதிலுக்குத் தன் சூடாமணியைக் கொடுத்தனுப்புகிறாள். செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அது அத்தாட்சி.

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் நந்தினி வந்தியத்தேவனுக்குக் கொடுக்கும் பனை இலச்சினை மோதிரம் இரண்டாவது. அதைக் காட்டியதும் தஞ்சைக் கோட்டையின் கதவு திறக்கிறது. அந்தச் சக்தி மோதிரத்தின் பொன்னில் இல்லை. பனைச் சின்னம் யாருடையது என்று காவலன் அறிந்திருக்கிறான், அவருக்கு அஞ்சுகிறான். மோதிரத்தின் சக்தி முழுவதும் காவலனின் மனத்தில் இருக்கிறது. பழுவேட்டரையர் பெயரையே கேள்விப்படாத ஒரு நாட்டின் எல்லையில் அதைக் காட்டியிருந்தால் அது வெறும் உலோகத் துண்டு.

நம் கேள்விகளுக்கு இவ்விரண்டு மோதிரங்களும் தெளிவாகப் பதில் சொல்கின்றன. எதைச் செய்யும், எதைச் செய்யாது, சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. இந்த அளவுகோலோடு மந்திர மோதிரங்களிடம் செல்வோம்.

சோதனை செய்த இடையன்

மறைய வைக்கும் மோதிரத்தின் கதைகளில் பழையது ஒன்று கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோவின் ‘குடியரசு’ என்ற நூலில் வருகிறது. கைஜஸ் என்ற பெயரோடு சேர்த்து வழங்கும் அக்கதையில், ஓர் இடையன் நிலப் பிளவு ஒன்றில் இறங்கி ஒரு மோதிரத்தை எடுத்து வருகிறான். மோதிரத்தின் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் மறைகிறான். வெளிப்பக்கம் திருப்பினால் தோன்றுகிறான். இங்கே மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதன்முறை தற்செயலாக நடந்ததும் அவன் துள்ளிக் குதிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் திருப்பிப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் அதே விளைவு வருகிறது என்று கண்ட பிறகே நம்புகிறான். மந்திரக் கதைக்குள் ஒரு முறையான சோதனை!

பிளேட்டோவுக்கு மோதிரம் முக்கியமில்லை. தண்டனைக்கு வழியில்லை என்று தெரிந்தால் மனிதன் நேர்மையாக இருப்பானா என்பதே அவர் நூலில் எழும் கேள்வி. பௌதிக அறிஞர்கள் மனத்துக்குள்ளேயே நடத்திப் பார்க்கும் கற்பனைச் சோதனைகளைப் போன்றது இது. ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிவிட்டு, மற்றவை என்ன ஆகின்றன என்று பார்க்கிறார்கள்.

அலாவுதீன் கதையை எடுத்துக்கொள்வோம். விளக்குப் பூதத்தின் புகழில் மோதிரப் பூதத்தை நாம் மறந்துவிடுகிறோம். குகையில் அடைபட்ட அலாவுதீனை முதலில் வெளியேற்றியது மோதிரம்தான். பின்னால் மந்திரவாதி விளக்கைக் கைப்பற்றி அரண்மனையையே தூக்கிச் சென்றபோது அலாவுதீன் மோதிரப் பூதத்தை அழைத்து, அரண்மனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறான். அது தன்னால் ஆகாது, விளக்கின் பூதம் செய்ததை மாற்றும் உரிமை தனக்கு இல்லை என்கிறது அந்தப் பூதம். அவனை அரண்மனை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் அதனால் முடிகிறது. கதையின் சுவையே இந்த ‘முடியாது’ என்ற சொல்லிலிருந்து பிறக்கிறது. மோதிரத்தால் எல்லாம் முடியுமானால் அலாவுதீனுக்கு அறிவு தேவையில்லை; நமக்கும் கதை தேவையில்லை. இரண்டாம் கேள்வியான ‘எதைச் செய்யாது?’ என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

பழியைச் சுமந்த மோதிரம்

காளிதாசரின் சாகுந்தலத்தை மறைமலையடிகள் 1907-ல் தமிழாக்கினார். 1940-ல் அது எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த திரைப்படமாகவும் வந்தது. எனவே துஷ்யந்தனின் மோதிரம் தமிழர்களுக்குப் பழக்கமானது. துர்வாசரின் சாபத்தால் மன்னன் சகுந்தலையை மறக்கிறான். அடையாளப் பொருளைக் கண்டால் நினைவு திரும்பும் என்பது விதி. மோதிரம் நீரில் விழுகிறது, மீன் விழுங்குகிறது, செம்படவன் கையில் கிடைக்கிறது, மன்னன் கண்டதும் மறதி நீங்குகிறது. மந்திரத்தின் விதி வெகு துல்லியம். ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவி தொலைந்தது, கிடைத்தது.

ஆனால் மூலக் கதையான மகாபாரதச் சகுந்தலை உபாக்கியானத்தில் இந்த மோதிரம் கிடையாது. சாபமும் கிடையாது. அங்கே மன்னனுக்கு நினைவு இருக்கிறது. இருந்தும் சபையில் அவளை அறியேன் என்கிறான். வானத்திலிருந்து ஒலித்த குரல் உண்மையைச் சொன்ன பிறகே ஏற்றுக்கொள்கிறான். காளிதாசர் மோதிரத்தைக் கொண்டுவந்ததால் நாடகம் அழகு பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும். மன்னன் செய்த தவறு மன்னனை விட்டு நீங்கி மோதிரத்தின்மேல் ஏறிக்கொண்டது. மனிதன் பொறுப்பை ஒரு பொருள் சுமக்கத் தொடங்கியது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் கடை மோதிரங்களைப் பார்க்கும்போது இது தேவைப்படும்.

டோல்கீனின் இருபது மோதிரங்கள்

மந்திர மோதிரங்களுக்கு முழுமையான ஒரு விதித் தொகுப்பையே வகுத்தவர் ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ‘மோதிரங்களின் அதிபதி’ என்று பொருள்படும் அவருடைய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. முதல் பாகம் வந்த அதே 1954-ல்தான் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடரும் நிறைவுற்றது.

டோல்கீனின் உலகில் பெரிய மோதிரங்கள் இருபது. எல்ஃப் என்ற தேவ இனத்தவருக்கு மூன்று; குள்ளர் குலத்தவருக்கு ஏழு; மனிதருக்கு ஒன்பது; இவை அனைத்தையும் ஆளும் ஒன்று, சௌரான் என்ற கொடியவன் தனக்காக எரிமலைத் தீயில் வார்த்தது. மற்ற மோதிரங்களை ஆள்வதற்காகச் சௌரான் தன் ஆற்றலின் பெரும்பகுதியை அந்த மோதிரத்துக்குள் செலுத்திவிடுகிறான். அதாவது, மோதிரத்தின் சக்தி வெறுமையிலிருந்து தோன்றவில்லை. ஒருவனிடமிருந்து குறைந்தது மற்றொன்றில் கூடியது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்று பௌதிகத்தில் படிக்கிறோம் அல்லவா? அதன் சாயல் இங்கே தெரிகிறது. அதனால்தான் மோதிரம் அழிந்தால் அவனும் வீழ்வான். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கூண்டுக் கிளிக்குள் தன் உயிரை ஒளித்து வைத்த அரக்கனின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. கிளிக்குப் பதிலாக மோதிரம்.

அடுத்த விதியும் சுவையானது. ஒரே வகைச் சக்தி அணிபவருக்கு ஏற்ப வெவ்வேறு விளைவு தருகிறது. ஒன்பது மனிதர்கள் நீண்ட நாள் வாழ்ந்து, வாழ்வு தேய்ந்து, நிழலுருவங்களாகிச் சௌரானின் அடிமைகளாகிறார்கள். குள்ளர்கள் அவ்வாறு நிழலாவதில்லை. அவர்களிடம் பொன்னாசை மட்டும் பெருகுகிறது. ஒரே மின்சாரம் செப்புக் கம்பியில் ஓசையின்றிப் பாய்கிறது. மின்னடுப்பின் நிக்ரோம் சுருளைச் சிவக்கக் காய்ச்சுகிறது. விளைவு மின்சாரத்தை மட்டும் பொறுத்ததல்ல, அது பாயும் பொருளையும் பொறுத்தது. டோல்கீனின் விதி இதை ஒத்திருக்கிறது.

விலை என்ன? அணிபவனின் விருப்புறுதியே விலை. மோதிரம் வாழ்நாளை நீட்டுகிறது. ஆனால் புதிய உயிர் எதையும் தருவதில்லை. கொஞ்சம் வெண்ணெயை ஒரு பெரிய அடையின் மேல் பரப்பினால் எப்படி மெல்லியதாகுமோ அப்படி இருப்பதே மெலிந்துபோகிறது. நான்காம் கேள்விக்கு வருவோம். கழற்றினால் என்ன ஆகும்? கழற்றவே மனம் வராது! அதுதான் இந்த மோதிரத்தின் தலையாய அடையாளம். நல்லவரான கண்டால்ஃப் என்ற முதியவர் அதைத் தொடவே மறுக்கிறார். நல்லது செய்யவேண்டும் என்ற ஆசையாலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவோம் என்பது அவர் அச்சம்.

இந்த விதியை டோல்கீன் எவ்வளவு மதித்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1937-ல் வெளிவந்த ‘ஹாபிட்’ என்ற முந்திய நூலில் இந்த மோதிரம் வெறும் மறைய வைக்கும் மோதிரமாக இருந்தது. அதை வைத்திருந்த கோல்லம் என்ற பிராணி, விடுகதைப் போட்டியில் தோற்றால் அதைப் பரிசாகக் கொடுத்துவிடவும் தயாராக இருந்தது. பின்னால் எழுதத் தொடங்கிய பெரிய கதையின் விதிப்படி, மோதிரத்தை வைத்திருப்பவன் அதை மனமாரக் கொடுக்க முடியாது. இரண்டும் முரண்பட்டன. டோல்கீன் முரண்பாட்டை மூடி மறைக்கவில்லை; அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். 1951-ல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் கோல்லம் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகச் சொல்வதில்லை. புதிய கொள்கைக்குப் பழைய கூற்று பொருந்தாதபோது பழையதைத் திருத்துவது விஞ்ஞானிகளின் வழக்கம். கற்பனை எழுத்தாளர் ஒருவரிடம் அதைக் காண்பது மகிழ்ச்சி தருகிறது.

மறைந்தவன் பார்க்க முடியுமா?

குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது, மறைதல். எச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ கதைக்கு ரஷ்ய எழுத்தாளர் பெரல்மான் எழுப்பிய தடை புகழ்பெற்றது. நாம் பார்ப்பதற்கு விழித்திரையில் ஒளி விழுந்து உறிஞ்சப்பட வேண்டும். உடல் முழுவதும் ஒளியை அப்படியே ஊடுருவ விட்டுவிட்டால் விழித்திரையும் ஒளியை உறிஞ்சாது. எனவே முழுக்க மறைந்தவன் முழுக்கக் குருடன்.

டோல்கீன் இந்தச் சிக்கலிலிருந்து ஓரளவு தப்புகிறார். மோதிரம் அணிந்தவனுக்கு இவ்வுலகப் பொருள்கள் மங்கலாகவும் நிழலுலகத்தவர் தெளிவாகவும் தெரிகிறார்கள் என்கிறார். மேலும், வெயிலில் நின்றால் மறைந்தவனின் மெல்லிய நிழல் தரையில் விழும் என்று ‘ஹாபிட்’டில் ஒரு விதி உண்டு. நிழல் விழுகிறதென்றால் சிறிதளவு ஒளி தடுக்கப்படுகிறது. தடுக்கப்பட்ட அந்த ஒளியில் ஒரு பங்கு கண்ணுக்குப் போதுமானால் மங்கலான பார்வை சாத்தியமே. ஆசிரியர் இதை எண்ணி எழுதினாரோ இல்லையோ, கணக்கு ஒருவாறு நேராகிறது. ஆனால் அந்த அளவுக்கு ஒளியைத் தடுப்பவன் காற்றில் மங்கிய உருவமாகவேனும் தெரியவேண்டுமே! அதற்குக் கதையில் பதில் இல்லை.

இரண்டாவது குறை, டாம் பாம்படில் என்ற பாத்திரம். அவர் மோதிரத்தை அணிந்தாலும் மறைவதில்லை, ஆசையும் எழுவதில்லை. ஏன் என்று ஆசிரியர் சொல்லவில்லை. கதைக்கு ஒரு புதிர் அழகுதான். ஆனால் விஞ்ஞானம் அத்தகைய விதிவிலக்கின் வாசலில்தான் முதலில் போய் நிற்கும். புதன் கிரகத்தின் பாதையில் நியூட்டனின் கணக்குக்குள் அடங்காத சிறு வேறுபாடு நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. 1915-ல் ஐன்ஸ்டைனின் கொள்கை அதை விளக்கியது. விதிவிலக்கைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டால் விதி முழுமை பெறுவதில்லை.

குறைகள் இருந்தும், நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லும் மோதிரம் இது. ஆகையால்தான் இதை நம்பிப் படிக்கிறோம்.

கடையில் விற்கும் மோதிரம்

இப்போது கதையை விட்டுக் கடைக்கு வருவோம். ராசிக்கல் மோதிரத்திடம் அதே நான்கு கேள்விகளைக் கேட்போம்.

எதைச் செய்யும்? வேலை, பணம், உடல்நலம், மன அமைதி, எல்லாம் தரும் என்பார்கள். எதைச் செய்யாது? இதற்குப் பதில் இல்லை. நினைத்தது நடந்தால் கல்லின் சக்தி. நடக்காவிட்டால் கல்லில் தோஷம், அல்லது அணிந்த நேரம் சரியில்லை, அல்லது கல் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த விளைவு வந்தாலும் கல் தோற்பதில்லை. மோதிரப் பூதத்துக்கு இருந்த நேர்மைகூட இதற்கு இல்லை.

கல்லையே எடுத்துப் பார்ப்போம். மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு, மஞ்சள் புஷ்பராகம் வியாழனுக்கு என்று வகுத்திருக்கிறார்கள். மாணிக்கமும் நீலமும், புஷ்பராகம் என்று கடைகளில் பெரும்பாலும் விற்கப்படும் மஞ்சள் கல்லும் ஒரே கனிமம். அதன் பெயர் குருந்தம். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘கோரண்டம்’ என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான். இரசாயனப்படி அது அலுமினியம் ஆக்ஸைடு. தூய்மையாக இருந்தால் நிறமற்றது. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், இரும்பால் மஞ்சள். 1902-ல் வெர்னுயி என்ற பிரெஞ்சு அறிஞர் மாணிக்கத்தை உலையில் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். கடிகாரங்களின் உள்ளே உராய்வைக் குறைக்க வைக்கும் கற்கள் அவ்வாறு செய்யப்பட்ட மாணிக்கங்கள்தாம். பெங்களூரில் 1961 முதல் தயாரான எச்.எம்.டி. கடிகாரங்களின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருந்ததைப் பெரியவர்கள் நினைவுகூரக்கூடும். தொழிற்சாலையில் கருவிகளைத் தீட்டும் சாணைச் சக்கரங்களில் பலவும் இதே அலுமினியம் ஆக்ஸைடால் ஆனவையே. நாளெல்லாம் சாணைச் சக்கரத்தின்முன் நிற்கும் தொழிலாளி, குருந்தத்தின் நடுவிலேதான் நிற்கிறார். விரலில் இருக்கும் துளிக் குருந்தம் செய்யாததையா அது செய்யப்போகிறது?

நோய் தீர்க்கும் என்று சொல்லப்படும் செப்பு வளையங்களைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் மூட்டுவாத நோயாளிகள் 70 பேர் ஈடுபட்டனர். ஒவ்வொருவரும் செப்பு வளையம், காந்தப் பட்டை, காந்தம் நீக்கிய பட்டை முதலியவற்றை முறை மாற்றி அணிந்தனர். வலியிலோ வீக்கத்திலோ குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. தாயத்து, மந்திரம், கவசம் முதலியவை குறிப்பிட்ட நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது.

மாணவர்கள் தாமும் ஒரு சோதனை செய்யலாம். ஒரே மாதிரியான இரண்டு உறைகளில் ஒன்றில் ராசிக்கல் மோதிரத்தையும் மற்றொன்றில் அதே எடையுள்ள கூழாங்கல்லையும் வைத்து ஒட்டுங்கள். எதில் எது என்பது சோதனை செய்பவருக்கும் உடனிருப்பவருக்கும் தெரியக் கூடாது. ஓர் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாணயத்தை 100 முறை சுண்டித் தலையா பூவா என்று ஊகியுங்கள். பிறகு மற்ற உறையோடு 100 முறை. வெறும் தற்செயலால் 100-க்கு 40 முதல் 60 வரை சரியாக வருவது இயல்பு. மோதிரத்தின் கணக்கு அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பிளேட்டோவின் இடையன் செய்ததும் இதுவே.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி செய்ததும் இதுவே எனலாம். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் முன்கூட்டியே சொல்கிறாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியனும் முன்கூட்டியே சொல்கிறான். பிறகு சிலம்பு உடைக்கப்படுகிறது. விடை வந்தபின் யாரும் பேச்சை மாற்ற முடியாது. அப்படி உடைத்துப் பார்க்க இடம் தரும் கூற்றே மதிப்புள்ள கூற்று.

வேலை செய்யும் கல்

கல்லுக்குச் சக்தியே கிடையாதா என்றால், உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. அங்கே தயாரான குவார்ட்ஸ் கடிகாரத்தின் உயிர் ஒரு சிறு படிகக்கல். ராசிக்கல்லாக விற்கும் செவ்வந்திக்கல்லும் இதே குவார்ட்ஸ் குடும்பமே. கடிகாரத்துக்குரியது ஆலையில் வளர்க்கப்பட்டது. படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. கைக்கடிகாரத்துப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும். முள் ஒரு வினாடி நகரும்.

நான்கு கேள்விகளையும் இதனிடம் கேட்டுப் பாருங்கள். நேரம் காட்டும். எதிர்காலம் காட்டாது. விலை, ஒரு சிறு மின்கலம். அது தீர்ந்தால் நின்றுவிடும். எந்த ராசிக்காரர் கட்டினாலும் ஒரே நேரம் காட்டும். கழற்றி மேசைமேல் வைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மந்திரக் கதைகளில் சிறந்தவை கேட்கும் நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றும் கல் இது.

விரலும் வளையமும்

இவை வெறும் இலக்கிய விசாரணை என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் யந்திரத்தின் முன் நிற்கும் மாணவனுக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று: மோதிரம், கடிகாரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவை. நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும் லேத்தின் தலைப்பகுதி வினாடிக்கு ஏறத்தாழ 17 முறை சுழல்கிறது. ஆபத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள நமக்குச் சுமார் 0.2 வினாடி ஆகும். அதற்குள் யந்திரம் மூன்று சுற்றுக்குமேல் சுற்றிவிடும். மோதிரம் எதிலாவது மாட்டிக்கொண்டால் தோலையும் சதையையும் உரித்துக்கொண்டு போகும். சில வேளைகளில் விரலையே எடுத்துவிடும். லாரி மின்கலத்தின் முனைகளுக்கு இடையே மோதிரம் பாலமாகிவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பொன்னும் வெள்ளியும் நல்ல மின்கடத்திகள் அல்லவா? மோதிரத்தின் மெய்யான சக்தி என்று பௌதிகம் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

இந்த எச்சரிக்கை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கழற்றத் தயங்குபவர்கள் உண்டு. ‘ஒரு நாளும் கழற்றக் கூடாது, கழற்றினால் பலன் போய்விடும்’ என்று சொல்லி அணிவித்த மோதிரமாயிற்றே! வேலை நிலைக்க வேண்டும் என்று அணிந்த மோதிரம், வேலை செய்யும் கையையே கேட்கிறது. விபத்து நேர்ந்துவிட்டாலோ, துஷ்யந்தனின் கதைபோல, பழி கிரகத்தின்மேல் ஏறிக்கொள்கிறது. கழற்றாத மோதிரத்தையும், மூடியில்லாத யந்திரத்தையும், கண்காணிப்பில் இருந்த குறையையும் யாரும் பேசுவதில்லை.

டோல்கீனின் கதை முடிவில், மோதிரத்தைத் தீயில் எறிவதற்காகவே நெடுந்தூரம் நடந்து வந்த ஃப்ரோடோ, எரிமலையின் விளிம்பில் நின்று, எறிய மனமின்றி அதை அணிந்துகொள்கிறான். கோல்லம் பாய்ந்து அவன் விரலைக் கடித்துத் துண்டிக்கிறது. மோதிரம் விரலோடு போகிறது. தானாகக் கழற்ற முடியாத மோதிரம் கேட்கும் விலை எது என்பதை அந்தக் கற்பனை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

மந்திர மோதிரக் கதைகளை மாணவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். நல்ல கதை கற்பனையை வளர்ப்பதோடு, சக்தி என்றால் அதற்கு எல்லை உண்டு, விலை உண்டு என்ற எண்ணத்தையும் வளர்க்கிறது. படித்துவிட்டு வீட்டிலுள்ள மோதிரத்திடமும் அதே நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். அழகுக்காக அணியலாம், அன்பின் அடையாளமாகவும் அணியலாம். தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தையோ அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால், யந்திரத்தின்முன் நிற்குமுன் மோதிரத்தைக் கழற்றி வைக்குமாறு அவர்களிடம் சொல்லவும் வேண்டும்.